ஆறு மணிக்கு நின்ற கைகள்

அதென்னங்க, 'கேள்வியை மட்டும் கேளுங்க'ன்னா? நானும் கேள்விதானே கேட்டேன்? கேள்விக்கு முன்னாடி கொஞ்சம் முன்னுரை. இருபது நிமிஷம் ஒரு முன்னுரையா? மில் கேட் மீட்டிங்ல தலைவரை அறிமுகப்படுத்தவே நான் அரைமணி எடுப்பேன்! நீங்க மேல பாத்து வேலையைப் பாருங்க தோழர், ஏணியை நான் பிடிச்சுக்கறேன். ஆடாது. ட்யூப்லைட் எரியலையா, சோக் போயிடுச்சா? ம்... நிரந்தரமா, காண்ட்ராக்டா நீங்க? காண்ட்ராக்டா! எத்தனை வருஷமா? ஒன்பதா! சரி, அதை அப்புறம் பேசுவோம். விட மாட்டேன்.

உள்ள நடக்கிறது என் பொண்ணோட வாய்மொழித் தேர்வு. டாக்டர் பட்டம். ஊசி போடற டாக்டர் இல்ல, புஸ்தகம் படிக்கிற டாக்டர். யார் வேணா வந்து உக்காரலாம், யார் வேணா கேள்வி கேக்கலாம்னு அவங்களே நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஒட்டிட்டு, கேட்டவனை வெளிய அனுப்பினா என்ன ஜனநாயகம் அது? அனுப்பினது யாருங்கிறீங்க? பேராசிரியரா? இல்ல... பொண்ணுதான். 'அப்பா, கொஞ்சம் வெளிய இருங்கப்பா.' அவ்வளவுதான். போலீஸ்காரன்கூட என்னை அவ்வளவு மரியாதையா வெளியேத்தினதில்ல.

ஆறு வருஷமா ஒரே ஆளைப் படிச்சிருக்கா தோழர். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ்காரர். நாவலும் எழுதினாரு, கவிதையும் எழுதினாரு. படத்துல பாத்தா நெஞ்சு வரைக்கும் தாடி. எங்க வீட்ல அவருக்குப் பேரே தாடிக்காரர்தான். சம்மந்தி மாதிரி ஆயிட்டாரு, சாப்பிட உக்காந்தா அவர் பேச்சு, எந்திரிச்சா அவர் பேச்சு.

அவரைப் படிச்சாலும் பரவாயில்ல. அவரைப் படிச்சவங்களைப் படிக்கிறா! அதுக்கு 'விமர்சன அணுகுமுறைகள்'னு பேரு. ஒரு கோஷ்டி சொல்லுது, ஆளை விடு, எழுத்தை மட்டும் பாரு, இந்தக் கமா ஏன் இங்க நிக்குதுன்னு. இன்னொரு கோஷ்டி, இல்ல இல்ல, ஆளைத்தான் பாக்கணும், அஞ்சு வயசுல அவரை நாய் கடிச்சிருக்கு, அதனாலதான் நாவல்ல நாய் வந்தா பின்னாடியே ஒரு சாவு வருதுன்னு. சிரிக்காதீங்க, நானூறு பக்கம் எழுதியிருக்காங்க! பொம்பளைங்க கோஷ்டி கேக்குது, கையெழுத்துப் பிரதி பூரா எடுத்துக் குடுத்தது தங்கச்சி, அவ பேரு எங்கன்னு. அது நியாயம். எங்க சங்கத்துலயும் விடிகாலைல பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டினது என் சம்சாரம், கீழ பேரு என்னுது. இன்னொருத்தர், அந்த ஆள் வீட்டு ஜன்னல்ல தொங்கின திரைக்குப் பஞ்சு எந்த நாட்லேருந்து வந்துச்சுன்னு துருவியிருக்காரு. அவரைப் பாத்தா கைகுடுக்கணும்னு இருக்கேன்.

இதெல்லாம் மூணு அத்தியாயம். நாலாவது யாரைப் பத்தின்னு நினைக்கிறீங்க?

நான்!

சும்மா சொல்லல. படிப்பு எட்டாங்கிளாஸ். மிச்சம் பூரா துண்டறிக்கையில படிச்சது. நோட்டீஸ்ல எழுத்துக் கூட்டினேன், சின்னச் சின்ன வெளியீட்ல வரலாறு, பொருளாதாரம். முழுப் புஸ்தகம் வாங்க யாருக்கு வக்கு இருந்துச்சு? இங்கிலீஷும் அப்படித்தான், லாக்கப்ல ஒரு வக்கீல் சொல்லிக்குடுத்தாரு. அந்தச் சமயத்துல பழைய பேப்பர் கடையில தாடிக்காரர் கவிதைப் புஸ்தகம் ஒண்ணு, அட்டை இல்லாம, என் கையில வந்து விழுந்துச்சு.

மில்லுல அப்ப என்ன நிலைமை? சாயங்காலம் ஆறு மணிக்கு முடியற ஷிப்டை முதலாளி ஏழுக்கு இழுத்துட்டான். தொழிலாளி முணுமுணுக்கிறான், ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறான். நான் தினம் கத்துறேன், தொண்டை கட்டினதுதான் மிச்சம். அன்னிக்கு அந்தப் புஸ்தகத்தைப் பிரிக்கிறேன்... ஒரு கவிதை. ஆறு மணி 'ஸ்ட்ரைக்'. 'ஹேண்ட்ஸ்' அசையாம நின்னுச்சு. வீடு சத்தமில்லாம கிடக்கு. 'அவள்' இனி இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு தோழர்! நூறு வருஷம் முன்னாடியே ஒரு வெள்ளைக்காரன் நமக்காக எழுதி வச்சிருக்கானேன்னு! ஆறு மணி ஸ்ட்ரைக், ஆறு மணி வேலைநிறுத்தம். அந்த வார்த்தைக்கு எவனாவது அகராதி பாப்பானா? எங்க வாயில சோறு இல்லாட்டியும் அந்த வார்த்தை இருக்கும். ஹேண்ட்ஸ்? மில் கேட் போர்டுல தினம் பாக்குறதுதானே, 'ஹேண்ட்ஸ் வாண்டட்'னு. முதலாளி பாஷையில நமக்குத் தலையும் கிடையாது வயிறும் கிடையாது, வெறும் கை. கைகள் நின்றன. வீடுன்னா தறிக்கூடம். 'அவள்' யாருங்கிறதுதான் கொஞ்சம் இடிச்சுது. அப்ப வக்கீல் சொன்னது ஞாபகம் வந்துச்சு, இங்கிலீஷ்காரன் கப்பல், மிஷினையெல்லாம் அவள்னுதான் சொல்வானாம். முடிஞ்சுது! அவள்னா மிஷின். மிஷின் செத்துப்போச்சு!

உடனே ஒரு வெளியீடு எழுதி அச்சடிச்சேன், பதினாறு பக்கம். 'ஆறு மணிக்கு நின்ற கைகள்'. கேட்டுல நின்னு நானே படிச்சேன். மறுநாள் ஆறு மணிக்கு முதல்ல நூற்பு நின்னுச்சு, அப்புறம் தறி. எண்ணூறு பேர். பதிமூணாவது நாள் மேனேஜர் ஏழு மணியை வாபஸ் வாங்கினான். அந்த மேனேஜர் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்... கொஞ்சம் இருங்க, கை மாத்திப் பிடிச்சுக்கறேன். ஸ்க்ரூ கழண்டுச்சா? கழட்டுங்க, கழட்டுங்க.

அப்புறம் என்னாச்சு? கூட இருந்தவன் பூரா தலைவன் ஆயிட்டான். ஒருத்தன் கார்ல போறான், கண்ணாடியை இறக்கக்கூட மாட்டேங்கிறான். நான் மட்டும் அந்தப் பதினாறு பக்கத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்தப் பொண்ணு வந்து எடுத்துச்சு. எடுத்து, அது பெரிய விஷயம்ப்பாங்குது! தாடிக்காரர் எழுதினது அவங்கம்மா செத்த அன்னிக்கு நின்னுபோன கடிகாரத்தைப் பத்தி. ஸ்ட்ரைக்னா மணி அடிக்கிறது. ஹேண்ட்ஸ்னா முள்ளு. ஆனா தொழிலாளிங்க அதை வேணும்னே திருப்பிப் பிடிச்சு, எஜமான் பாஷையை எஜமான் மேலேயே எறிஞ்சாங்களாம். அதுக்கு ஒரு பேரு... 'எதிர்வாசிப்பு'. கேட்டீங்களா? எதிர்வாசிப்பு! நான் எதிர்க்காதது எது? வாசிப்பையும் விட்டு வைக்கலைன்னு சந்தோஷமா இருந்துச்சு.

இதைத்தான் அவ வழிகாட்டி, அதான் அந்தப் பேராசிரியர், தூக்கிடுங்கிறாரு. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறவருக்கு வழிகாட்டின்னு பேரு! நாலாம் அத்தியாயத்துக்கு ஆதாரம் பத்தாதாம். தூக்கினா இன்னும் ஒரு வருஷம். அவ தற்காலிக வேலையில இருக்கா தோழர், உங்களை மாதிரிதான். இந்த மாசத்துக்குள்ள பட்டம் வந்தா காலேஜ்ல நிரந்தரம், வரலைன்னா வீட்டுக்கு. இன்னிக்கு வெளியூர்லேருந்து ஒரு பேராசிரியர் அம்மா வந்திருக்காங்க. மெலிஞ்ச குரல், ஆனா ஊசி. 'எதிர்வாசிப்புன்னா அது தெரிஞ்சு செஞ்சதா இருக்கணும். அவர் தெரிஞ்சேதான் செஞ்சாருங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?' பொண்ணு சொல்லுது, 'அடிக்குறிப்பு பதினேழு. நான் அவரையே கேட்டேன். ஆமான்னு சொன்னாரு. இதோ உக்காந்திருக்காரு.' அந்தம்மா திரும்பி என்னைப் பாத்து, 'ஐயா, தெரிஞ்சா, தெரியாமயா?'ன்னாங்க.

அப்பதான் நான் எந்திரிச்சு... ஆமா, முன்னுரை. உலகத் தொழிலாளர் நிலைமையிலேருந்து ஆரம்பிச்சேன். மூணு கேள்வி திருப்பிக் கேட்டேன். அவங்க கேட்ட ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லல.

நீங்க மேல பாத்து வேலை செய்யுங்க. நான் கீழயே பாத்துச் சொல்றேன். அதுதான் சுலபம்.

எனக்கு அப்ப தெரியாதுங்க. சத்தியமா வேலைநிறுத்தம்னுதான் நினைச்சேன். ரெண்டாம் பதிப்புக்கு அச்சகத்துக்குப் போனப்ப, பிழை திருத்துற ஒருத்தர், சோடாபுட்டிக் கண்ணாடி, என்னைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொன்னாரு, 'அண்ணே, இது கடிகாரம்ண்ணே'ன்னு. எவ்வளவு நல்ல மனுஷன்! நாலு பேர் முன்னாடி சொல்லாம தனியாச் சொன்னாரு. நான் என்ன பண்ணேன்? நாலு பேரைக் கூட்டி வச்சு 'முதலாளியோட கைக்கூலி'ன்னு அவரைத் திட்டினேன். அதுக்கப்புறம் அவர் எங்க கூட்டத்துப் பக்கமே வரல. ரெண்டாம் பதிப்பும் வரல. ஏன்ப்பா வரலைன்னு பொண்ணு கேட்டப்ப, காகிதத் தட்டுப்பாடுன்னேன்.

அவ போனை மேசை மேல வச்சு, பதிவு பண்ணிக்கிட்டே கேட்டா. 'நீங்க தெரிஞ்சேதானே அப்படி வாசிச்சீங்க?' அவ வளந்ததை நான் பாத்தவன் இல்ல தோழர். ஜெயிலு, மாநாடு, ஊர்வலம்... ஸ்கூல்ல அவ எந்த வகுப்புன்னு கேட்டா ஒண்ணு குறைச்சோ கூட்டியோ சொல்வேன். அந்தப் பொண்ணு முதல் தடவையா என் முன்னாடி நோட்டோட உக்காந்து, நான் பெரிய ஆளுங்கிற மாதிரி பாக்குது. அந்த மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு எப்படி... ஆமான்னேன். 'ஆமா, தெரிஞ்சேதான்.' வழிகாட்டியும் கெடுக்கல, வெளியூர் அம்மாவும் கெடுக்கல. ஒரே ஒரு 'ஆமா', நான் சொன்னது, அது மேல அறுபது பக்கம் கட்டியிருக்கா அவ. இப்ப நீங்களே சொல்லுங்க, உள்ள போய் உண்மையைச் சொன்னா அவ வேலை போயிடுமா, சொல்லாட்டி...

தோழர்?

தோழர்... அட! ரெட்டை ஏணியோட அந்தப் பக்கப் படி வழியா இறங்கிட்டாரா! எப்ப? லைட்டு வேற எரியுது. வெறும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன் நான்? சரி போகட்டும். வாயை விட்டு ஒரு தடவை வெளிய வந்துடுச்சு. இன்னொரு தடவை வராதா என்ன.

யாரு... நீயா. கூப்பிடுறாங்களா? வர்றேம்மா. இல்ல, முன்னுரை கிடையாது. கையை விடு, நானே நடப்பேன்.

வணக்கம்மா. உக்கார வேணாம், எனக்கு நின்னு பேசித்தான் பழக்கம். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். தெரியாமதான். மணி அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. எண்ணூறு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒருத்தனும் எந்திரிச்சிருக்க மாட்டான். பொண்ணு மேல தப்பில்ல, அவ ஒழுங்காத்தான் கேட்டா, நான்தான் பொய் சொன்னேன். அறுபது பக்கத்தையும் தூக்காதீங்க. பதினேழாம் அடிக்குறிப்புல 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அது என்னுது. அதை மட்டும் அடிச்சிட்டு 'இல்லை'ன்னு போடுங்க. அதுக்கு மேல என்ன எழுதணும்னு அவளுக்குத் தெரியும், என்னைவிட நல்லா எழுதுவா.

என்னம்மா அப்படிப் பாக்குற? பேனா இருக்கில்ல?