ஓய்வு நாள் படிக்கட்டு

— எங்க கிளம்பிட்டீங்க?

— பால் வாங்க. நீ ஏன் எழுந்து வந்தே? அடுத்த மாசம் முட்டி ஆபரேஷனை வெச்சுக்கிட்டு...

— பால் வாங்கப் போறவரு ஷூவை இறுக்கிக் கட்டிக்கிட்டா போவாரு?

— கடை கொஞ்சம் தூரம்ல.

— படி இறங்கினா கடை. தோள்ல துண்டு எதுக்கு? பாலுக்குப் போர்த்திவிடவா?

— காலையிலேயே ஆரம்பிக்காத...

— இன்னிக்கு உங்களுக்கு ஓய்வு நாள்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதன்னு எத்தனை தடவை சொல்றது? ஃபயர் ஸ்டேஷன்ல ஓய்வுன்னா பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பறது.

— உங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற தம்பி அட்டவணையில எழுதினது தானே?

— எழுதினானே! 'புதன் – ஓய்வு'ன்னு மொட்டையா மெசேஜ். பகீர்னு ஆயிடுச்சு. புதன்கிழமையோட வேலை போச்சுன்னு ஆபீசருக்கே போன் போட்டுட்டேன்.

— ஸ்டேஷனே சிரிச்சிருக்கும்.

— இன்னும் நிறுத்தல.

— சரி உட்காருங்க. பேன்ட்டை ஏத்துங்க, முட்டியைப் பார்ப்போம்.

— ஒண்ணும் இல்லம்மா...

— ஒண்ணும் இல்லாததா இப்படி உப்பியிருக்கு?

— அம்பத்தஞ்சு வயசுல லேசா வீங்கும்.

— வயசு மேல பழியைப் போடாதீங்க. முந்தாநாள் மூட்டையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறினீங்க, நேத்தும் ஏறினீங்க. பிசைஞ்ச மாவை ஊற விடாம இழுத்தா கிழியுமா, கிழியாதா?

— நான் என்ன மாவா?

— மாவுக்காவது சொன்னா புரியும்.

— முப்பது வயசுல தினம் தூக்கினேன். ஒரு ராத்திரி தூங்கினா உடம்பு புதுசாயிடும்.

— இப்போ ரெண்டு ராத்திரி கேக்குது. கேட்டதைக் குடுங்களேன். நடுவுல ரெண்டு நாள் விட்டுத் தூக்கினீங்களே, அன்னிக்கு என்ன ஆச்சு?

— ...நாலு மாடியும் நிக்காம ஏறிட்டேன்.

— அப்புறம் என்ன?

— ஸ்டேஷன்ல உடல்தகுதி டெஸ்ட் வருதும்மா. தோத்தா ஏணி வண்டியில ஏற விடமாட்டாங்க. போன் எடுக்கற சீட்ல உட்கார வெச்சுடுவாங்க.

— டெஸ்ட் போன மாசமே முடிஞ்சாச்சு. நீங்க பாஸ்.

— ...யாரு சொன்னா?

— உங்க ஆபீசர். என் ஆபரேஷனைப் பத்தி விசாரிச்சாரு, அப்படியே இதையும் சொன்னாரு.

— அந்த ஆளுக்கு வாய் சும்மாவே இருக்காது.

— டெஸ்ட்ல தூக்கற பொம்மை எம்பது கிலோ. மூணாவது மாடித் திருப்பத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே ஒரு மணல் மூட்டை, அது எத்தனை கிலோ?

— அது... சும்மா ஒரு...

— கேக்கறேன்ல.

— அறுபத்திமூணு.

— என் எடை.

— ...லிஃப்ட் இல்லாத வீடு. ஆபரேஷன் முடிஞ்சு உன்னை எப்படி மேல கொண்டு வர்றது? ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்துல திரும்பாது, அளந்து பார்த்துட்டேன். வேற எவன் கையிலயும் உன்னைக் குடுக்க எனக்கு மனசு வராது.

— அதுக்கு நீங்க முட்டியை உடைச்சுக்கிட்டா? பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு பேரும் படுத்துக்கலாம்.

— சிரிக்காத. நான் தூக்கிடுவேன்.

— தூக்குவீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இப்போ ஷூவைக் கழட்டுங்க.

— என் ஓய்வு மேல உனக்கென்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?

— டாக்டர் இப்பவே ஒருநாள் விட்டு ஒருநாள் படி ஏறிக் காலை வலுவாக்கிக்கச் சொல்லியிருக்காரு. நீங்க ஓய்வுன்னு படுத்துக் குறட்டை விட்டா தானே எனக்குப் படிக்கட்டு கிடைக்குது? போன வாரம் கீழ இறங்கி மேல வந்துட்டேன். நடுவுல ஒரே ஒரு தடவை, உங்க மூட்டை மேல தான் உட்கார்ந்தேன். இன்னிக்கு அதுலயும் உட்காராம வரப்போறேன்... படுங்க.