பூத்துப்போன கொப்பரை

"அந்த எண்ணெயை நான் மட்டும் தின்னுகேன், நீங்க கடையில வாங்கிக்கிடுங்க."

தக்கலைப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒருவர் இப்படிச் சொன்னார். செக்குக்குக் கொண்டுபோகும் கொப்பரைச் சாக்கு அவர் காலிடுக்கில் இருந்தது.

"தனியா போயிரலாம்னு பாக்கியளோ?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

"ஏட்டி, மழையில கொஞ்சம் பூஞ்சை பூத்துப்போச்சு. துடைச்சு வெயில்ல போட்டாச்சுல்லா? நம்ம வீட்டுல எப்பவும் அப்படித்தான?"

"பச்சைதான் போச்சு, விஷம் உள்ள கிடக்கும். காய்ச்சினாலும் போவாது. ஒருநாள் தின்னா பெருசா ஒண்ணுமில்ல. நாள்பட தின்னா டி.என்.ஏ.வைக் கெடுத்து ஈரல்ல புத்துநோய் வைக்கும்னு சத்துணவுப் பயிற்சியில சொன்னாவ."

"மக பிரசவத்துக்கு வந்திருக்காளேன்னு நானே உரிச்சு, உடைச்சு, காயவச்சேன் பிள்ளே."

மனைவி அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே மழை மறுபடியும் கூச்சமில்லாமல் தூறியது.

"சரி, விளக்குக்கு எரிப்போம். விளக்குக்கு ஏது ஈரலு?"

"புண்ணாக்கை என்ன செய்விய? பசுவுக்கு வைப்பிய. அந்தப் பாலை யாரு குடிப்பா? நம்ம மகல்லா!"

 செக்கு நிறுத்தம் வந்தது. அவர் எழவில்லை.

"அண்ணாச்சி, இறங்கலியா?" என்றார் நடத்துநர்.

"இல்ல மக்கா. தக்கலைக்கு ரெண்டு டிக்கெட் குடு. கடையில எண்ணெய் வாங்கணும்."

பேருந்து நகர்ந்தது. அவர் மனைவியின் காதருகே குனிந்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேருந்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"மககிட்ட அப்பா செக்குல ஆட்டிக் கொண்டுவந்ததுன்னே சொல்லிரு, கேட்டியா?"