அரசாணி விதை எண்ணெய்

அரசாணி, அதாவது மஞ்சள் பூசணி விதையை வறுத்து ஆட்டினால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும், மணமும் தூக்கலாக இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய சத்தில் பாதி அந்தச் சூட்டிலேயே போய்விடும். அதனால் நான் வெயிலில்கூட வைப்பதில்லை. நான்கு நாள் நிழலில் உலர்த்தி, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னச் செக்குக்குக் கொண்டுபோய், சூடேறாமல் மெதுவாக ஆட்டி வாங்கி வருவேன். இதை எழுதிக்கொள்கிறீர்கள், நல்லது. பத்திரிகைக்காரர்கள் எல்லாம் ஏதோ நாட்டு மருந்து என்று எழுதிவிட்டார்கள். நீங்களாவது சரியாக எழுதுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

விதைக்கு நான் அலைந்ததே இல்லை. நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அரசாணிக்காய்ப் பொரியல் இல்லாமல் இருக்குமா? முகூர்த்த நாளில் மண்டபத்தின் பின்பக்கம் போனால், சமையல்காரர்கள் குடைந்து போட்ட விதை குண்டான் குண்டானாகக் கிடக்கும். உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியர் கிருபாசங்கர் பக்கெட்டோடு வருகிறார் என்று என் மாணவர்களே கேலி பேசுவார்கள். வீட்டில் அந்த விதைகளை அலசிக் கொடுப்பது என் மனைவி சண்முகப்பிரியா. ஆரம்பப் பள்ளி டீச்சர், கேலிக்குக் குறைச்சல் இல்லை.

"ஏனுங்க, ஊரே கல்யாணத்துக்குப் போயித் தாம்பூலப் பையோட வருது. நீங்க மட்டும் குப்பைய அள்ளிட்டு வாரீங்க" என்பாள்.

ஆய்வகத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. இந்த எண்ணெயைச் சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். உடம்பின் செல்களை அரிக்கிற பொருள்களை எண்ணெயில் இருக்கும் ஆன்டி ஆக்ஸிடன்டுகள் அடக்குகின்றன என்று அதற்கு அர்த்தம். பிறகு சர்க்கரை நோய் வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை குறைந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் குறைந்தது. பதினோரு வருட உழைப்பில் என் கைக்கு வந்த ஒரே நல்ல முடிவு அது.

என் மனைவி பிரியாவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. அவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. தினமும் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும். என் எலிகளுக்குக் கொஞ்சமாவது சுரப்பு மிச்சம் இருந்தது. இந்த வித்தியாசத்தை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறவன் நான். இருந்தும் அவளிடம் கேட்டேன். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம், எண்ணெய் பார்த்துக்கொள்ளும் என்றேன். "சரிங்க" என்றாள்.

ஊசியை நிறுத்தி எட்டு மாதம். காலையில் ஒரு ஸ்பூன் எண்ணெய், பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். நூற்று இருபது, நூற்று முப்பது என்றுதான் காட்டியது. முதல் மாதம் முடிந்த அன்று ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கருத்தரங்கில் பேசச் சொன்னார்கள், பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். பிரியா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன மாதம் பீளமேட்டில் மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. பிரியா பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு, கீழ்வீட்டு ராமாமணி அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு படியேறி வந்தார்.

"சார், கரண்ட் சாயங்காலந்தான் வருமாமுங்க. அம்மணியோட ஊசி மருந்து எங்க ஃப்ரிட்ஜுல இருந்தாக் கெட்டுப்போயிரும். உங்க காலேஜுல வெச்சு எடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

புருஷனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்துவிட்டார், பாவம். பெட்டியைத் திறந்தேன். இன்சுலின் புட்டிகள், ஊசிகள். காலையில் பால் வாங்கவும் ராத்திரி வாசல் விளக்கைப் போடவும் பிரியா கீழே போய் வருவது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

ஆய்வகத்தில் எங்கள் வேலை முறை ஒன்று உண்டு. ஒரு கூண்டு எலிகளுக்கு மருந்து போட்டால், பக்கத்துக் கூண்டுக்கு அதே ஊசியில் வெறும் உப்பு நீர் போடுவோம். எது எதனால் நடந்தது என்று அப்போதுதான் தெரியும். அன்று மதியம் அந்தப் புட்டிகளில் இருந்த மருந்தை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு உப்பு நீர் நிரப்பினேன். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அவள் வருமுன் பெட்டியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் சங்கடப்படுவாள், சொல்ல வேண்டாம் என்றேன். "அதுக்கென்னங்க சார், நான் ஏன் சொல்லப் போறேன்" என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டாம் நாள் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை. சர்க்கரையை அளந்து பாருங்கள் என்றாள். அளக்கும் பட்டைகள் தீர்ந்துவிட்டன, வாங்கி வருகிறேன் என்றேன். என் பையில் ஒரு டப்பா பிரிக்காமல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கீழ்வீட்டுக்குப் போய் வந்தாள். மருந்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் எண்ணெயை இரண்டு ஸ்பூனாக்கினேன். மறுக்காமல் குடித்தாள்.

நான்காம் நாள் காலை வாந்தி நிற்கவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தாள், அதில் பழுத்த பழத்தின் வாசனை. இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகும்போதுதான் அது வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் உங்கள ஏமாத்திப்போட்டேனுங்க. ஊசிய நான் விடவே இல்லீங்க. நிறுத்துன மொத நாளே முடியலீங்க. நீங்க அத்தன சந்தோஷமா இருந்தீங்க, சொல்ல மனசு வரல. இப்ப அந்த மருந்தும் கேக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. என்ன மன்னிச்சுருங்க."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. "பதினொரு மணிக்குக் கிளாஸ் இருக்குது கண்ணு. முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தலையாட்டினாள். என் பேச்சை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை.

வகுப்பை நன்றாகவே நடத்தினேன். திரும்பி வந்தபோது மணி நான்கு. அவள் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், மறுநாள் அங்கேயே இறந்துவிட்டாள். வீட்டில் அவள் சேலைகளை இன்னும் நான் எடுத்து வைக்கவில்லை.

எண்ணெயைத் தனியாகச் சோதிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அந்தப் பெட்டியைத் திறந்த நிமிடமே, எண்ணெயால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சோதிக்க ஒன்றும் பாக்கி இல்லை. பொன்னாடையோடு நான் மேடையில் நின்றபோது, கீழே இருந்தவளுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் கொன்றேன்.

இப்போது எனக்கு அவள் மேல் கோபம் இல்லை, அம்மா. வகுப்புக்குக் கிளம்பும் முன் ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனேன். எட்டு மாதம் என்னை ஏமாற்றியதை மன்னித்துவிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.