தொண்ணூற்றெட்டை ஏழால் பெருக்கியவள்

"ஹரிணி மாதிரி பொண்ணுங்கதான் மிஸ் உங்களுக்குத் தொல்லை" என்றார் சுரேந்தர், கணினி அறையின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.

"அவ என்ன பண்ணா பாவம்? கிளாஸ்லயே அவதான் ஃபர்ஸ்ட்டு."

"அதான் சொல்றேன். ஜூன்லயே உச்சாணியில ஏறி உக்காந்துக்கிட்டா, நவம்பர்ல எங்க ஏறுவா? கிராஃப்புல மார்க்குக் கோடு படுத்தேதான் கெடக்கும். மேனேஜ்மெண்டு கோட்டத்தான் பாக்குது, புள்ளையவா பாக்குது? போன வருசமும் உங்க கோடு தூங்குச்சே, மறந்துட்டீங்களா?"

அது வேடிக்கைப் பேச்சு. சுரேந்தர் மேல் தவறில்லை. கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நானும் சிரித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன்.

உங்கள் நிர்வாகம் நடத்தும் பள்ளிகளிலேயே என் ஆறாம் வகுப்புதான் கணக்கில் அதிகம் வளர்ந்திருக்கிறது, எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பெங்களூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஃபோன் மேசையிலேயே இருக்கட்டும். பதிவாகட்டும்.

வருடத்தில் மூன்று முறை இந்தத் தேர்வு. சரியாகச் செய்தால் கணினி அடுத்து கடினமான கேள்வியைத் தரும். தவறினால் எளிதானதைத் தரும். முதல் தேர்வுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைத்தான் நீங்கள் வளர்ச்சி என்கிறீர்கள். நான்காம் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் கணக்கு. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் போன வருடம் அவர்கள் ஜூன் மாதமே மேலே இருந்தார்கள். நான் வளர்க்காதவள் ஆனேன். இன்னொரு வருடம் இப்படி என்றால் நான் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் வேலை பார்த்த பட்டறை அப்போதுதான் மூடியிருந்தது. ஆசிரியையின் மகன் என்பதால்தான் நவீன் இங்கே கட்டணமில்லாமல் படிக்கிறான். இரவுகளில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூன் தேர்வில் தெரிந்தே தவறாக அழுத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பொய்க்குப் பழக்க என்னால் முடியாது. அவர்கள் உண்மையாகவே தவறு செய்ய வேண்டும். அப்படித்தான் யோசித்தேன்.

இந்த வருடம் பள்ளி திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஆரம்பித்தேன். நான் யாரையும் திட்டவில்லை. பிரம்பைத் தொட்டதே இல்லை. சரியான விடையைக் காட்டும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். "அப்படியா?" என்பேன். அவ்வளவுதான்.

ஹரிணி மனக்கணக்காகவே போடுவாள். தொண்ணூற்றெட்டை ஏழால் பெருக்கச் சொன்னால், நூறை ஏழால் பெருக்கி எழுநூறு, அதில் பதினான்கைக் கழித்து அறுநூற்று எண்பத்தாறு என்பாள். அதை நான் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்தது. ஒரு நாள் அப்படிப் போட்ட நோட்டை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வழி யார் சொன்னது என்று கேட்டேன். தானே போட்டதாகச் சொன்னாள். அவள் தோளில் கை வைத்து மெதுவாகத்தான் சொன்னேன்: "பரவால்லம்மா. யாரையாவது பாத்து எழுதியிருந்தாலும் மிஸ் திட்ட மாட்டேன். எல்லாருக்கும் கணக்கு வரணும்னு இல்ல."

ஹரிணியும் மற்ற பிள்ளைகளும் ஜூன் தேர்வில் தடுமாறினார்கள். பிறகு நான் பாராட்ட ஆரம்பித்ததும், மற்றவர்கள் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மறந்து பழையபடி கத்திக்கொண்டு விடை சொன்னார்கள். அவர்கள் என்னை அவ்வளவாக நம்பவில்லை. ஹரிணி நம்பினாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை.

ஜூலையிலிருந்து அவளையும் பாராட்டினேன். உண்மையாகவே, கெஞ்சாத குறையாகப் பாராட்டினேன். உடம்பு சரியில்லாதவர்களிடம் நன்றாக இருக்கிறாய் என்று சொன்னால் எப்படிக் கேட்பார்களோ, அப்படிக் கேட்டுக்கொண்டாள். அவ்வப்போது என் மேசைக்கு வருவாள். ஏதோ கேட்க வாய் எடுப்பாள். "தண்ணி குடிக்கப் போலாமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

நவம்பர் தேர்வில் அவள் பின்னால் நின்றேன். கணினி கேள்விகளை எளிதாக்கிக்கொண்டே வந்தது. பெருக்கல் போய்க் கூட்டல் வந்தது. கடைசியில் இரண்டு கூடைகள். எந்தக் கூடையில் மாம்பழம் அதிகம் என்று கேட்டது. ஹரிணி மவுஸின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நேரம் முடியும்வரை எதையும் அழுத்தவில்லை.

வகுப்பின் கோடு நிமிர்ந்து ஏறியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். சராசரியில் ஹரிணி தெரியவில்லை. ஆனாலும் அவள் ஒருத்தி மட்டும் ஏன் இறங்கினாள் என்று தலைமையாசிரியை கேட்டார். வீட்டுச் சூழல் என்றேன். அவள் அம்மா மாதேஸ்வரி மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். அவரைக் கூப்பிட்டு, நைட் ஷிப்டு போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"நான் படிக்காதவ மிஸ். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். இப்போது தினமும் மாலையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குப் புரியாத கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

இதுதான் என் முறை. மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என் வகுப்பில் ஒரு குழந்தையும் பொய் சொல்லப் பழகவில்லை.

நாளை மூன்றாவது தேர்வு. அது முடிந்ததும் ஹரிணியை உட்காரவைத்துப் பேசலாம் என்றுதான் இருந்தேன். தேர்வுக்கு முன்னால் அவள் மனதைக் கலைக்கக் கூடாது இல்லையா? ஆனால் இன்று காலை, நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, இதோ இந்த மேசைக்கு அருகில் வந்து நின்றாள். தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்பாள் என்று நினைத்து, நானே போய்விட்டு வா என்றேன். அவள் போகவில்லை.

"அந்தத் தொண்ணூத்தெட்டு கணக்கு மிஸ். நான் யாரையும் பாக்கல. நீதான் போட்டேன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க மிஸ்."