தலைத்துண்டு

எங்கள் விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், சார். கல்லூரிக் குளத்து மீன்தான் என்றாலும் ஹரிபதா நன்றாகவே சமைப்பார். தலைத்துண்டை மட்டும் எப்போதும் நிருபம் ஹாஜ்ராவின் தட்டில் வைப்பார். எனக்கு வால். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே கட்டணம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பிள்ள என் முழங்கால் வலிய விசாரிக்குது. நீங்க உப்பு கம்மின்னு சொல்றீங்க" என்றார்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் நிர்வாகம் படிக்கிறவன். நல்ல பொருள் எங்கே வீணாகிறது என்று கவனிப்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

கோடையில் இருவரும் கொல்கத்தாவில் ஒரே சோப்புக் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனோம். நான் வண்ண வண்ணமாய் வரைபடம் போட்டு அறிக்கை கொடுத்தேன். அவன் கடை கடையாகப் போய் டீ குடித்துக் கதை பேசினான். கடைசி ஆண்டு தொடங்கிய முதல் நாள் மத்தியானம், படிப்பு முடிந்ததும் வந்து சேரலாம் என்று அவனுக்கு மட்டும் கடிதம் வந்தது. முதலில் என்னைத்தான் கட்டிப்பிடித்தான்.

"உனக்கும் வந்துரும்டா, ததாகத். மனசத் தளர விடாத."

என் மனதைப் பற்றி நான் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முதலில் வேலை கிடைத்தவனைக் குளத்தில் தூக்கிப் போடுவது எங்கள் வழக்கம். மாட்டிக்கொண்டவன் எல்லாம் நீச்சல் தெரியாது என்றுதான் கத்துவான். அதனால் ஒரு விதி உண்டு: அறைத்தோழன் சொல்வதுதான் முடிவு. அவன் தெரியாது என்றுவிட்டால், ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி விட்டுவிடுவார்கள். எந்த அறைத்தோழனும் இதில் பொய் சொன்னதில்லை. கல்லூரியின் பெருமைகளில் அதுவும் ஒன்று.

நிருபம் புருலியாக்காரன். அந்த ஊரில் குளிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிது. இடுப்பளவு தண்ணீர்கூடப் பயம் என்று முதல் ஆண்டிலேயே என்னிடம் சொல்லியிருந்தான். வகுப்புக்குக்கூடக் குளக்கரையை விட்டுவிட்டு நூலகத்தைச் சுற்றித்தான் போவான். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு குளத்துப் படகுத்துறைக்கு வந்தார்கள்.

"டேய், சத்தியமா எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"மீன் தலைய மட்டும் நல்லாத் திங்கத் தெரியுதுல்ல? அதுங்ககிட்டயே கத்துக்க" என்றான், அவன் கால்களைப் பிடித்திருந்த ஷௌனக். பிறகு என் பக்கம் திரும்பினான். "ததாகத், நீ சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

நிருபம் சிரித்துவிட்டான். என்னிடம் கேட்டுவிட்டார்கள் என்ற நிம்மதி.

"இவனா? கங்கையையே குறுக்க நீந்துவான்" என்றேன். "நல்லா ஆழத்துல போடுங்க."

அவன் தண்ணீரில் கையை அடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஷௌனக் சட்டையைக் கழற்றப் போனான். "நடிக்கிறான்டா. கிட்டப் போனா உன்னையும் உள்ள இழுத்துருவான்" என்றேன். நின்றுவிட்டான். என் பேச்சுக்கு அந்தக் கல்லூரியில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றுதான்.

நான் ஹூக்ளி ஆற்றங்கரையில் வளர்ந்தவன், நன்றாக நீந்துவேன். ஏன் குதிக்கவில்லை என்கிறீர்கள். தூக்கும்போதே வாங்கிவைத்த அவன் போன் என் கையில் இருந்தது. வேலைக் கடிதம் அதில்தான் இருக்கிறது. நனைந்தால் கெட்டுவிடாதா?

ஆக, பொய் சொன்னவன் நான். தெரிந்துதான் சொன்னேன். அவன் மேலே வரக்கூடாது என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் குளத்து மீன் கிடையாது, சந்தையில் வாங்கியதுதான். நேற்று ஹரிபதா தலைத்துண்டை ஒரு தட்டில் எடுத்துவந்து, நிருபமின் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அதே வால்.

நீங்களே சொல்லுங்கள், சார், இது நியாயமா?