கல் வந்த நாடு

— ஒண்ணும் எழுதாதீங்க டொக்டர். பேனைய மூடி வைங்க, அப்பத்தான் பேச வாய் வரும்.

— மூடிட்டன், றிஸ்மியா. பயப்பிடாதேங்கோ. நான் கம்பசில, டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவள். மலேரியாவைப் பற்றித்தான் என்ர ஆராய்ச்சி முழுக்க. உங்கட மனுசன் றுஸ்திக்கு வந்தது மலேரியா எண்டு ஏன் நேரத்தோட பிடிபடேல்லை, அதை அறியத்தான் யட்டவத்த வரைக்கும் வந்தனான்.

— ஆம்பளையா இருந்தா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பேன். அவரு போனதுலருந்து நான் இத்தாவுல இருக்கேன், நாலு மாசம் பத்து நாளைக்கு ஊட்ட உட்டு எறங்கேலாது. நீங்க பொம்பள, அதனால சொல்றேன். சொல்லாட்டி எனக்கு மூளை கலங்கிரும்.

— ஆறுதலாச் சொல்லுங்கோ.

— அவரு கல்லு யாவாரி. மடகஸ்காருக்குப் போய் நீலக்கல்லு கொண்டாந்தாரு. கல்லு வந்த நாட்ட இந்த யாவாரத்துல கூடப்பொறந்த தம்பிக்கும் சொல்ல மாட்டாங்க. சொன்னா அடுத்த பிளைட்ல பத்துப் பேரு ஏறிருவாங்க. ஊருக்கெல்லாம் தம்புள்ளையில மரக்கறி லொறி ஓட்டுறாருன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். வாயத் தொறக்க மாட்டேன்னு என்கிட்ட சத்தியமே வாங்கினாரு.

— காய்ச்சல் எப்ப தொடங்கினது?

— வந்து ஒம்பதாம் நாள். நடுக்கமுன்னா அப்படி ஒரு நடுக்கம், மூணு போர்வ போத்தியும் பல்லு கிட்டிச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரியில போட்டோம், டெங்குன்னாங்க. அடுத்த நாள் நேர்ஸ் நோனா போம் நிரப்ப வந்து, "வெளிநாடு எங்கயும் போனாரா?"ன்னு வாட்டுக்கே கேக்குற மாதிரிக் கேட்டாங்க.

— அப்ப றுஸ்தி ஒண்டும் சொல்லேல்லையோ?

— அவருக்குக் கண்ணே தொறக்கேலல்ல. பக்கத்துக் கட்டில்ல யாகூப் நானா படுத்திருந்தாரு, அவரும் கல்லு யாவாரி. காதத் தீட்டிக்கிட்டு இருந்தாரு. நான்... "எங்கயும் போகல்ல, தம்புள்ளையிலதான் இருந்தாரு"ன்னுட்டேன்.

— பிறகு?

— அஞ்சாம் நாள் மௌத்தாகிட்டாரு. அதுக்குப் பொறகுதான் ரத்தத்துல மலேரியா இருந்திச்சுன்னாங்க.

— இதை ஆருக்கும் சொன்னனீங்களோ?

— யாருக்குச் சொல்ல? "எம் மகன உன்ன மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க மக"ன்னு மாமி தலையத் தடவுறாங்க. தடவத் தடவ எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. தொழுகப் பாயில இருந்தா துஆ வர மாட்டேங்குது, அழுகதான் வருது. நான்தான் டொக்டர் அவரக் கொன்னேன். நாலு கல்லுக்காக வேண்டி.

— இஞ்ச பாருங்கோ. இது அவற்ர ஆஸ்பத்திரித் துண்டு. அனுமதி எடுத்துப் பிரதி கொண்டுவந்தனான்.

— எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

— நான் வாசிக்கிறன். முதல் நாள், காலமை பத்தரை. நோயாளி சொன்னது: மடகஸ்காரில ஒண்டரை மாசம் நிண்டவர், ஒன்பது நாளைக்கு முந்தித்தான் திரும்பி வந்தவர்.

— யா அல்லாஹ்! யாரு சொன்னது?

— அவரேதான். நீங்கள் வெளியில பேர் பதிஞ்சுகொண்டு நிண்ட நேரமா இருக்கும். நேர்சுக்கு நீங்கள் மறைச்சது அடுத்த நாள்தானே.

— என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, இவரு சொல்லிட்டாரா... அப்ப நான் சொன்ன பொய்யால இல்லியா?

— இல்லை, அம்மா. உங்களால இல்லை.

— நெசமாவா? என்னத் தேத்துறதுக்குச் சொல்லலியே?

— எழுத்தில இருக்கு. இந்தத் துண்டை நீங்களே வைச்சிருங்கோ. ஆரிட்டையும் குடுத்து வாசிப்பிச்சுப் பாருங்கோ.

— அப்ப தெரிஞ்சும் ஏன் பாக்கல? ஒரு சொட்டு ரத்தத்த எடுத்துப் பாத்தாப் போதுமாமே!

— போதும். பாத்திருந்தா இண்டைக்கு இருந்திருப்பார். அந்தச் சின்ன டொக்டர் மடகஸ்கார் எண்டு தன்ர கையால எழுதிப்போட்டு, அதுக்குக் கீழ டெங்கு எண்டு எழுதியிருக்கிறான். அவனுக்கு அது மூளையில தட்டுப்படவே இல்லை.

— ரெண்டு மாசமா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்! எடுங்க பேனைய. எழுதுங்க அந்த டொக்டர் பேர!

— எழுதத்தான் போறன். ஆனா அவன்ர பேரை இல்லை.

— ஏன்? ஒங்களுக்கு வேண்டியவரா? ஏன் டொக்டர் அழுவுறீங்க?

— "நாட்டில மலேரியா முடிஞ்சுது, சோதினைக்கு வராது, அந்தப் பாடத்தை விட்டிட்டு டெங்குவைப் படியுங்கோ" எண்டு அவன்ர வகுப்பில நிண்டு சொன்னவள் நான்தான், றிஸ்மியா.