நகராத புள்ளி

பொன்மணி: சார், அந்தக் கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.

சுபாஷிணி: அய்யோ, தொடங்கிட்டா. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னேனே கொச்சே, சார்கிட்ட பேர்க் காரியம் மட்டும் பேசாதேன்னு...

பொன்மணி: போடுங்கன்னு கேக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க சேச்சி. எடுங்கன்னு கேக்கேன்.

வெங்கடேஸ்வரன்: இரு, இரு. மொதல்ல அந்த மிளகுப்பொடியைக் கீழே வை. தும்மல் வரது. நாளைக்குக் காலம்பற மந்திரி வரார். குடோன் தரை முழுக்க முப்பதடிக்கு மசாலாப்பொடியாலே நட்சத்திரத்தட்டுக் கோலம் போட்டுண்டிருக்கோம், இப்போதானா உனக்குப் பேரு?

பொன்மணி: நாளைக்குன்னா இன்னிக்குத்தான சார் சொல்லணும்.

சுபாஷிணி: சார், நடுவில பல்பு வச்சாச்சு, அது புது நட்சத்திரம். சுத்தி வாயுவும் தூசியும் பாதி வரைக்கும் வந்தது, மஞ்சள் தீர்ந்துபோச்சு. மல்லிப்பொடி போடட்டா?

வெங்கடேஸ்வரன்: போடு. யாருக்குத் தெரியப் போறது.

பொன்மணி: கட்டுரையையும் அப்படித்தான் எழுதியிருக்கோம்.

வெங்கடேஸ்வரன்: என்னவாக்கும் சொல்றே... ஓ, புரிஞ்சுது. நாலாவதா போட்டதுலே கோபம். சரி, மூணாவது.

பொன்மணி: வேண்டாம் சார்.

வெங்கடேஸ்வரன்: ரெண்டாவது. சுபாஷிணி, நீ மூணாவதுக்குப் போ.

சுபாஷிணி: சார், நான் அம்மாகிட்டல்லாம் சொல்லியாச்சு...

வெங்கடேஸ்வரன்: அம்மா ஜர்னல் வாசிக்கறாளா?

பொன்மணி: சேச்சியை ஏன் சார் எறக்குதீங்க? நான் மொத்தமா எறங்குதேன்.

வெங்கடேஸ்வரன்: பத்திரிகைக் குறிப்பு பாத்தியோ? 'இஞ்சி பொறுக்கும் தொழிலாளியின் மகள் தொட்ட புதிய கிரகம்.' ஒரு பத்தி முழுக்க உன்னைப் பத்தியாக்கும். உங்கம்மா படம்கூட கேட்டிருக்கேன். முறத்தோட.

பொன்மணி: அம்மைகிட்ட கேட்டேன். கண்டுபிடிச்சது நீ, முறத்தைப் பிடிக்க நானான்னு கேட்டுட்டா.

வெங்கடேஸ்வரன்: அதான் மனுஷா கேக்கற கதை. கிரகத்தை எவன் கேக்கறான்?

பொன்மணி: கிரகமே இல்லை சார்.

சுபாஷிணி: மெல்லப் பேசு... ஏணியில சேட்டன்மார் நிக்கறாங்க.

பொன்மணி: வளையம் இருக்கு. தட்டுக்குள்ள தூசி இல்லாத பட்டை, அது நெசம். அதுல ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கு, அதுவும் நெசம். ஆனா அந்தப் புள்ளிக்கும் நம்ம நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். நட்சத்திரம் வானத்துல கொஞ்சம் நகந்துட்டு. தட்டும் கூடவே போயிட்டு. புள்ளி மட்டும் பழைய இடத்துலயே நிக்கி.

சுபாஷிணி: அப்படின்னா...?

பொன்மணி: ரொம்பத் தூரத்துல, பின்னால கிடக்க வேற என்னமோ. சுள்ளிக்கல் ஸ்டாப்புல பஸ் நிக்கி. சன்னல் வழியா எதிர்ப்பக்கத்து பேக்கரி போர்டு தெரியுது. பஸ் கிளம்பிட்டு, போர்டு அங்கேயேதான் இருக்கு. நாம போர்டுக்கு டிக்கெட் கிழிச்சுட்டோம்.

வெங்கடேஸ்வரன்: உன் கணக்குலே தப்பு இருக்கலாமே.

பொன்மணி: மூணு தடவை போட்டேன். தப்புன்னா காட்டுங்க, இப்பவே உக்காந்து மல்லிப்பொடி தூவுதேன்.

வெங்கடேஸ்வரன்: வளையம்னா உள்ளே கிரகம் இருக்கும். லோகம் முழுக்க அப்படித்தான் எழுதறா.

பொன்மணி: 'இருக்கலாம்'னு எழுதுதாங்க. நாம 'இருக்கு'ன்னு எழுதி, பேரு வச்சு, மந்திரியையும் கூப்பிட்டிருக்கோம். வளையம் ஏன் விழுந்துச்சுன்னு தெரியலைன்னு எழுதலாமே சார். அதுவே நல்ல கட்டுரை.

வெங்கடேஸ்வரன்: 'தெரியலை'ங்கறதைத் திறந்து வைக்க மந்திரி வருவாரோ?

சுபாஷிணி: கிரகத்துக்கு வச்ச ஜாதிக்காய்க்கு கோல்டு பெயிண்ட் வேற அடிச்சாச்சு.

வெங்கடேஸ்வரன்: பொன்மணி, இங்கே பார். முதல் பேர்... உனக்கு. இருபத்தாறு வருஷத்துலே நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

சுபாஷிணி: சார்...

வெங்கடேஸ்வரன்: நீ சும்மா இரு.

பொன்மணி: எனக்கு வேண்டாம் சார்.

வெங்கடேஸ்வரன்: உங்க வீட்டிலே காலேஜ் வாசல் மிதிச்ச மொத ஆள் நீதானே? தீசிஸ்லே யார் கையெழுத்துப் போடணும், தெரியுமோ?

பொன்மணி: தெரியும். மொத ஆளா இருக்கறதுல ஒரு சௌகரியம் இருக்கு சார். டாக்டர் பட்டம்னா என்னன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. வரலைன்னாலும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அஞ்சு வருஷம்.

வெங்கடேஸ்வரன்: அப்போ யோசிச்சுப் பேசு.

பொன்மணி: யோசிச்சுட்டுதான் வந்தேன். ஜர்னலுக்குப் போய் ஒரு வாரம்தான ஆச்சு. 'மறுபடி பாத்தோம், தப்பாயிட்டு, திருப்பி எடுத்துக்கறோம்'னு நீங்களே ரெண்டு வரி எழுதுங்க. அச்சுல வரலை, யாருக்கும் மானக்கேடு இல்லை.

வெங்கடேஸ்வரன்: நீ சொல்லி நான் எழுதணுமோ?

பொன்மணி: தப்பை மொதல்ல பாத்தது நான்தான சார்.

வெங்கடேஸ்வரன்: நீயா? கேட்டியோ சுபாஷிணி, இவதான் மொதல்ல பாத்தாளாம். பிப்ரவரியிலேயே ரெண்டு படத்தையும் நான் வச்சுப் பாத்தாச்சு. புள்ளி நகரலைங்கறது என் கண்டுபிடிப்பாக்கும். உனக்கு மூணு மாசம் முன்னாடி.

சுபாஷிணி: சார்... அதை வெளியில சொல்ல வேண்டாம்னு நீங்கதானே...

பொன்மணி: சேச்சிக்கும் தெரியுமா?

சுபாஷிணி: எனக்கு... படம் போட்டுக் கொடுக்கற வேலை மட்டும்தான் கொச்சே.

பொன்மணி: சரி.

வெங்கடேஸ்வரன்: எங்கே கிளம்பறே? தட்டு பாதிலே நிக்கறது.

பொன்மணி: படகுத்துறைக்கு. கடைசிப் பொடி கவர் அங்க தூணுக்குப் பக்கத்துல இருக்கு, சேச்சி.

வெங்கடேஸ்வரன்: நில்லு. மந்திரி போகட்டும். உக்காந்து பேசி ஒரு முடிவு எடுக்கலாம்.

பொன்மணி: முடிவு காலையிலேயே ஆயிட்டு சார். எழுதினவங்க எல்லாருக்கும் சம்மதமான்னு ஜர்னல்லேர்ந்து மெயில் வந்துச்சு. சம்மதம் இல்லைன்னு எழுதி, ரெண்டு படத்தையும் சேத்து அனுப்பிட்டேன். நீங்களா எழுதினா உங்களுக்கு மரியாதையா இருக்குமேன்னுதான் வந்து கேட்டேன். அதுல ஒரு வரிதான் தப்பாயிட்டு. 'என் வழிகாட்டிக்கு இது தெரியாது'ன்னு போட்டிருந்தேன்... படகுல உக்காந்ததும் திருத்தி அனுப்பிடுதேன்.